ஓடும் நிலையில் இருக்க வேண்டும்

"உன் வீட்டுல பழசு ரெண்டு இருக்கே மார்லிஸ், எதைக் குடுக்கப் போற?"

சர்ச்சின் அடித்தளத்தில் மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. கேட்டது பக்கத்து வீட்டுக்காரி லவான். காபிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி அவசரப்படாமல் யோசித்தாள்.

"ஓடுற நிலையில இருந்தாத்தான் அரசாங்கம் எடுத்துக்குமாம். அதனால காரைத்தான் குடுக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஒரு நாற்காலியைக் காலில் போட்டுக்கொண்டேன்.

2009 ஜூலை அது. மின்னசோட்டாவில் அந்தக் கோடையில் வேறு பேச்சே கிடையாது. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் பழைய காரைக் கொடுத்துவிட்டு, அளவாகக் குடிக்கும் புதுக் காரை வாங்கினால், விலையில் நாலாயிரத்து ஐந்நூறு டாலர் வரை அரசாங்கமே கட்டும்.

எங்கள் கார் மொடாக்குடி. 1985இல் வாங்கிய ஸ்டேஷன் வேகன். மீன்பிடிப் படகு அளவுக்கு நீளம். இரண்டு பக்கமும் மரம் மாதிரி ஒட்டிய தாள். கடைசி இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். எங்கள் மகள் சிக்ரிட் அதில் உட்கார்ந்து, பின்னால் வருகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே வளர்ந்தாள். அவளைப் பெற்றெடுக்க மார்லிஸைப் பனிப்புயலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான். பன்றி விலை சொல்லும் ஒரே ஒரு நிலையம்தான் அந்த ரேடியோவில் வரும். வலி வரும்போதெல்லாம் மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அன்றைய விலையைத் திருப்பிச் சொன்னாள். எங்கள் நாய் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. மழை நாளில் கார்க் கதவைத் திறந்தால், வாடையாக அது இன்னும் உள்ளே இருக்கிறது.

இதையெல்லாம் அரசாங்கத்துக்கு யார் சொல்வது?

மார்லிஸ் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சிக்ரிட்டுக்கு ஜனவரியில் குழந்தை பிறக்கப் போகிறது. அவள் இருக்கும் மினியாபொலிஸ் இங்கிருந்து மூன்று மணி நேரம். போன குளிர்காலத்தில் வேகன் நெடுஞ்சாலையில் இரண்டு தடவை நின்றுபோனது. "மூணாவது தடவை நின்னா நான் அங்கேயிருந்து பனியில நடந்தா போறது?" என்று கேட்டாள். நான் வானத்தைப் பார்த்தேன். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

உயிரே போனாலும் காரைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மார்லிஸிடம் சொல்லவில்லை. என் முடிவுகளை நான் மனதுக்குள்ளேயே வைத்திருப்பது வழக்கம். அங்கேதான் அவை பத்திரமாக இருக்கின்றன.

முதலில் காலம் கடத்திப் பார்த்தேன். அதற்குப் பலன் இருந்தது. ஒரே வாரத்தில் திட்டத்துப் பணம் தீர்ந்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். துக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போய், காருக்கு மெழுகு போட்டுத் துடைத்தேன். மெழுகு காய்வதற்குள் வாஷிங்டனில் இன்னும் இருநூறு கோடி டாலரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். முந்நூறு மைல் வட்டாரத்தில் எனக்கென்று பேச ஒரு ஆள் இல்லை.

அடுத்தது கொஞ்சம் கீழ்த்தரமான வழி. கார் ஓடும் நிலையில்தானே இருக்க வேண்டும்? இன்ஜினிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றிவிட்டேன். சாவியைத் திருகினேன். கார் முனகிவிட்டு ஓய்ந்தது. "பாவம், வயசாயிடுச்சு," என்றேன்.

நாலு அண்ணன்களோடு பால் பண்ணையில் டிராக்டர் மேய்த்து வளர்ந்தவள் மார்லிஸ். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மூடியைத் தூக்கினாள்.

"ஒயரைக் காணோம்."

"எலியா இருக்கும்."

"எலி கழட்டி, உன் சட்டைப் பையில வெச்சுட்டுப் போச்சா?"

கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

கடைசியாகத்தான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. எங்கள் பக்கத்து மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே யாராவது எதையாவது கொடுத்தால் முதல் தடவையே வாங்கிக்கொள்வது அநாகரிகம். காபி வேண்டுமா என்றால், "ஐயோ, சிரமம் வேண்டாம்." மறுபடி கேட்டால், "இப்பத்தான் குடிச்சேன்." மூன்றாம் தடவை கேட்டால், "சரி, அரைக் கப்." கேட்பவருக்கும் இது தெரியும், அதனால் மூன்று தடவை கேட்பார். மார்லிஸைக் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் அப்படித்தான். உறைந்த ஏரியின் மேல், மீன் பிடிக்கப் போட்டிருந்த குடிசைக்குள், இரண்டு தடவை வேண்டாம் என்றாள். மூன்றாம் தடவை கேட்பதற்குள் எனக்கு மீசை உறைந்துவிட்டது.

மார்லிஸ் நல்லவள். கடைசி நிமிஷத்தில் மனசு கேட்காமல், காரை வைத்துக்கொள்ளலாமா என்று நிச்சயம் கேட்பாள். இரண்டு தடவை மறுப்பேன். மூன்றாம் தடவை, "நீ இவ்வளவு சொல்றதால," என்று பெருந்தன்மையாக இறங்கி வருவேன். அன்றிலிருந்து எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டேன், அவள் காதுபட.

ஆகஸ்டில் கார்க் கடைக்குப் போனோம். விற்பனையாளர் வெர்லின் காகிதங்களைப் பரப்பிவிட்டுப் பேனாவை எடுத்தார். மார்லிஸ் என் பக்கம் திரும்பினாள்.

"அர்விட், மனசுக்குக் கஷ்டமா இருந்தா வண்டியை வெச்சுக்கலாம். நிஜமாத்தான் சொல்றேன்."

இது முதல் தடவை. "சேச்சே, அதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

அவள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற வேகனைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"இருபத்து நாலு வருஷம். வேண்டாம்னு சொல்லு, இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்."

"பரவாயில்ல மார்லிஸ். ஒரு கார்தானே."

எவ்வளவு அழகாகச் சொன்னேன். அடுத்ததற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டேன். வெர்லினும் இந்த ஊர்க்காரர்தான். பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி அவரும் காத்திருந்தார். பக்கத்து மேசைப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"சரி அப்ப," என்று சொல்லி, மார்லிஸ் சாவியை மேசையில் வைத்தாள்.

வெர்லினைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் முறை கேட்காதபோது, நானாகவே வாயைத் திறந்து எனக்கு அது வேண்டும் என்று சொல்வதென்றால், அதற்கு நான் வேறு மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

கொடுத்த காரை மறுபடி யாரும் ஓட்டக்கூடாது என்பது சட்டம். எண்ணெயை வடித்துவிட்டு, உள்ளே போய் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் ஒரு கரைசலை ஊற்றி, இன்ஜினை முடுக்கிவிடுகிறார்கள். இரண்டு நிமிஷத்தில் நின்றுவிடும் என்றார் கடை மெக்கானிக். இரண்டு நிமிஷம் ஆனது. வேகன் உறுமிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம் ஆனது. மெக்கானிக் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். ஆறாவது நிமிஷத்தில் மார்லிஸ் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நல்ல வண்டி," என்றாள்.

ஏழாவது நிமிஷம் அது நின்றது. நாங்கள் அப்படியே நின்றோம்.

"ஏன் மூணாவது தடவை கேக்கல?" என்றேன்.

"கேட்டிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்ப. நான் ஜனவரியில அங்க இருக்கணும் அர்விட்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். நான் வேகனின் கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். புதுக் கார் சின்னதாக, நீலமாக, வாசல் பக்கம் நின்றது. பழக்கத்தில் ஓட்டுநர் கதவருகே போனேன். உள்ளே மார்லிஸ் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டு, பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குறுக்கே எட்டி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.