தாங்கி அண்ணையும் பொங்கிய பாலும்

மெல்பேர்னில் எண்ணெய் ஹீட்டர் உள்ள வீடு வாங்கி, தாங்கி அண்ணையிடம் ஏச்சு வாங்காத தமிழன் எழுபதுகளில் ஒருவன்கூட இருந்ததில்லை. அவருடைய சொந்தப் பெயர் அவர் வேலை பார்த்த கந்தோரில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

யாருடைய வீட்டுக்கு வந்தாலும் மனுசன் முதலில் முன்கதவுக்கு வரமாட்டார். குரங்குத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே வீட்டின் பக்கவாட்டுக்குப் போவார். அங்கே நிற்கும் எண்ணெய்த் தாங்கியை மேலிருந்து கீழாக விரல்முட்டியால் தட்டிக்கொண்டு வருவார். டங், டங், டொக். சத்தம் மாறுகிற இடம்தான் எண்ணெய் நிற்கிற மட்டம். அதற்குப் பிறகுதான் கதவு, சுகம் விசாரிப்பு, தேத்தண்ணி எல்லாம்.

"தம்பி, கால்வாசிக்குக் கீழ போட்டுது! அடியில கிடக்கிற மண்டி முழுக்கக் குழாயுக்குள்ள வந்து அடைக்கப்போகுது. ஆர் உமக்கு வீடு வித்தது?"

வீடு விற்றவனுக்கும் மண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று வாயைக் கொடுத்தால் தொலைந்தோம். குளிர் தொடங்க முன்னம் தாங்கியை நிரப்பும், புகைக்குழாயைத் துப்புரவாக்கும், ஹீட்டருக்கு மேல தோய்ச்ச சாரம் காயப்போடாதையும் என்று நீளும். எல்லாவற்றுக்கும் மேலானது ஒன்று இருந்தது. "நெருப்பு நூர்ந்தால், உள்ளுக்க அது எரிஞ்ச சட்டி ஆறுமட்டும் திரும்பப் பத்தவைக்கப்படாது. சூட்டுச் சட்டியில எண்ணெய் ஆவியாய் நிக்கும். குச்சியைக் கொண்டுபோனீர் எண்டால் முடிஞ்சுது கதை!" கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் காதில் இதைச் சொன்னார். செத்த வீட்டிலும் சொன்னார்.

நாங்கள் நோபல் பார்க்கில் வீடு வாங்கியது நடுக்குளிரில். மனைவிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பால் காய்ச்ச நல்ல நாள் குறித்துப் போய்ப் பார்த்தால், வீட்டை விற்ற புண்ணியவான் குசினி அடுப்பைக் கழற்றிக்கொண்டு போயிருந்தான்.

"அடுப்பு இல்லையெண்டு ஆர் சொன்னது?" என்று ஹீட்டரின் தட்டையான தலையைக் காட்டினார் தாங்கி அண்ணை.

"சாரமே போடக்கூடாது எண்டியள்?"

"சாரம் வேறை, பால் வேறை."

பானை ஏறியது. பால் பொங்கியது. "கிழக்காலை பொங்கிட்டுது!" என்று எல்லோரும் கைதட்டினோம். கிழக்கால் வழிந்த பால், வெக்கை வெளியேறுவதற்கு விட்டிருந்த ஓட்டைகளால் இறங்கி, நேரே நெருப்புச் சட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. புஸ் என்று ஒரு சத்தம். அதோடு ஹீட்டர் சீவனை விட்டது.

அன்று பின்னேரமே மனைவிக்குப் பிரசவ நோவு கண்டுவிட்டது. மகள் நாளுக்கு முந்திப் பிறந்தாள். கையளவு பிள்ளை. வீடு நல்ல சூடாக இருந்தால்தான் அனுப்புவோம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஹீட்டர் திருத்துகிறவர்களோ, குளிர் முடியும்போது வருகிறோம் என்றார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "எல்லாம் உங்கடை வாயாலதான் அண்ணை!" என்று கத்திவிட்டேன். தாங்கி அண்ணை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியேறினார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஒரு பை திருத்தும் ஆயுதங்களோடு வந்தார். தாங்கியைத் தட்டவில்லை. நேரே உள்ளே வந்து குப்புறப் படுத்து, ஹீட்டரைத் துண்டு துண்டாகக் கழற்றி, கருகிப் பிடித்த பாலைக் கரண்டியால் சுரண்டத் தொடங்கினார். நாள்கணக்காகச் சுரண்டினார்.

"இதுக்கு முன்னம் கனக்கக் கழட்டியிருப்பியள் என்ன?"

"இதுதான் முதல், தம்பி."

"அப்ப உங்கடை வீட்டு ஹீட்டர்?"

"நான் இருக்கிறது வாடகை அறை. சின்னக் கரண்ட் ஹீட்டர்தான். அதிலயும் ஒரு கம்பிதான் சிவக்கும்."

"பிறகு இவ்வளவும் எப்பிடித் தெரியும்?"

"ஆரோ ஒருத்தற்றை வீட்டில ஹீட்டரோட வந்த புத்தகம் கிடந்தது. வாசிச்சனான். நல்ல எழுத்து."

பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிப் பற்றவைத்தார். பற்றியது, நூர்ந்தது. சட்டி ஆறட்டும் அண்ணை என்றேன். "நாளைக்குப் பிள்ளை வருது" என்றார். ஊருக்கெல்லாம் ஓதிய மனுசன் தானே குச்சியைக் கொண்டுபோனார்.

டமார்! புகை கலைந்தபோது கரிமுகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். "தம்பி, பத்திட்டுது!" உள்ளே நெருப்பு நின்று எரிந்தது. அவருடைய இரண்டு புருவங்களையும்தான் காணவில்லை.

மறுநாள் பிள்ளையோடு உள்ளே வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "அண்ணை, உங்கடை புருவம் எங்கை?"

"அது வளரும், தங்கச்சி. கதவைச் சாத்தும், சூடு போகுது."

அந்தச் சூட்டில் என் மகள் கையை விரித்துப்போட்டு உறங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "வேலை முடிய இஞ்சை வாங்கோ அண்ணை, அந்த ஒரு கம்பியோட இருக்காதேங்கோ" என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு குளிருக்கும் வந்தார். தாங்கியில் தட்டல் கேட்டால்தான் எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்போம்.

சில வருடங்களில் தெருவுக்கு காஸ் குழாய் வந்தது. எண்ணெய் ஹீட்டரைத் தூக்கிவிட்டு காஸ் ஹீட்டர் பூட்டினோம். பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவரே தாங்கி அண்ணைதான். வேலையாட்கள் மிச்ச எண்ணெயை இறக்கிவிட்டு, தாங்கியையும் கொண்டுபோகக் கேட்டார்கள். அது அங்கேயே நிற்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் பக்கவாட்டில் டங், டங், டங் என்று மேலிருந்து கீழ்வரை ஒரே சத்தம். பிறகு கதவு திறந்தது.

"தம்பி, ஒரு சொட்டும் இல்லை! என்ன மனுசன் நீர்?"

"ஓம் அண்ணை, நாளைக்கே எண்ணெய் அடிக்கிறன்" என்றேன். மகள் அவர் வழக்கமாக இருக்கும் கதிரையைச் சூட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.