றுவைஸ் கோச்சை நான் காப்பாற்றிய விதம்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
புதன்கிழமை காலை

பெருமதிப்புக்குரிய அத்தான் தவராசா அவர்களுக்கு,

உட்துறை இளந்தாரகை விளையாட்டுக் கழகத்தின் செயலாளரும் தங்கள் மனைவியின் ஒரே தம்பியுமாகிய பாக்கியரத்தினம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் யாவரும் சுகம். என் இரத்த அழுத்தம் மட்டும் இரண்டு மாதமாக மேலேயே நின்றது. அதுவும் கடந்த சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு இறங்கிவிட்டது. அக்காவின் முழங்கால் வலி எப்படி? கனடாவில் இப்போது வெயில் காலம் என்பதால் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

நிற்க, தாங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய ஏழு நிமிடக் குரல்பதிவு கிடைத்தது. அதில் என்னை மூன்று இடத்தில் நன்றிகெட்டவன் என்றும் ஓரிடத்தில் கழுதை என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். "றுவைஸைக் கலைக்கிறதுக்கு நீதான் முன்னுக்கு நிக்கிறியாம். அவன் நான் சொல்லி வந்த மனுசன், என்னோட சேர்ந்து விளையாடினவன்" என்றும் சத்தம் போட்டிருந்தீர்கள். பக்கத்தில் அக்கா "மெல்லமாக் கதையுங்கோ" என்று சொன்னதும் பதிவில் தெளிவாகக் கேட்டது. துறைமுக அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற நான் குரல்பதிவுக்குக் குரல்பதிவால் பதில் சொல்வதில்லை, ஏனெனில் அதைக் கோப்பில் போட ஏலாது. ஆகவே நடந்தது அனைத்தையும் எழுத்தில் தருகிறேன். வாசித்து முடித்ததும் றுவைஸ் கோச்சைக் காப்பாற்றியவர் யார் என்று தங்களுக்கே விளங்கும்.

தாங்கள் தலைவராக இருந்த காலந்தொட்டு முப்பத்தொரு வருடம் எங்கள் கழகம் மாவட்டத்தின் முதலாம் பிரிவில் நிற்கிறது. இந்த வருடம் றுவைஸ் சேர் பொறுப்பெடுத்தார். ஏழு ஆட்டம், ஏழிலும் தோல்வி. எங்களுக்கு மேலே இருந்த கழகம் வேறு மாவட்டப் பெடியன் ஒருவனைக் களவாக விளையாடவிட்டு, பிடிபட்டு, பெற்ற புள்ளியை எல்லாம் இழந்தபடியால் எங்களுக்கு ஒரு வழி மிச்சமிருந்தது. எட்டாவதும் கடைசியுமான ஆட்டத்தில் இறக்கக்கண்டி கடற்புறாவை வென்றால் தப்புவோம், தோற்றால் இரண்டாம் பிரிவு. இரண்டாம் பிரிவு என்றால் என்ன என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அங்கே கோல் கம்பத்துக்கு வலையே கிடையாது.

இத்தனை தோல்விக்கும் காரணம் காற்று. தங்கள் நண்பருக்கு வேறு எந்தத் தந்திரத்திலும் நம்பிக்கை இல்லை. "எங்கட கிரவுண்டில காத்துத்தான் பன்னிரண்டாவது ஆள். அவனை முதல்ல களைக்க விடோணும்" என்பார். ஆகவே நாணயச் சுழற்சியில் வென்றாலும் தோற்றாலும் முதற்பாதியில் நாங்கள் கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து ஓடவேண்டும், இடைவேளைக்குப் பிறகு கச்சான் எங்கள் முதுகைத் தள்ளும் என்பது அவர் திட்டம். ஆனால் ஏழு ஆட்டத்திலும் இடைவேளைக்கு விசில் ஊதியதும் காற்றும் நின்றுவிட்டது. அரச மரத்து இலைகூட ஆடவில்லை. கச்சானுக்கும் எதிரணிக்கும் ஏதோ பேச்சு இருக்கிறது என்று நானே சந்தேகப்பட்டேன்.

பொதுக்கூட்டம் கூடியது. சந்தையில் மீன் கடை வைத்திருக்கும் முத்தலிப் காக்காதான் முதலில் எழும்பினார். அவருடைய வேதனை நியாயமானது. "கடைக்கு வாற சனம் மீனிட விலையக் கேக்கிறதில்ல, எத்தினை கோல் வாங்கினீங்க எண்டுதான் கேக்குது. வெட்டுற கத்தியோட நான் என்ன மறுமொழி சொல்ற?" என்றார். வங்கியில் வேலை பார்க்கும் வினோதன் மட்டும் கோச்சின் பக்கம் நின்றான். அவன் மடிக்கணினியைத் திறந்து, ஏழு ஆட்டத்திலும் பந்து அதிக நேரம் எங்கள் பெடியளின் காலில்தான் இருந்தது என்று கோடு கோடாகப் படம் காட்டினான். "அதை வெச்சுக்கொண்டு என்னத்த செய்ற? வீட்ட கொண்டுபோகவா?" என்றார் முத்தலிப் காக்கா. இப்படியே மூன்று மணித்தியாலம். தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது. கடைசியில் கோச்சை நீக்குவதற்கு ஆதரவாக இருபத்தாறு கை, எதிராக வினோதனின் ஒரு கை. நான் மனதளவில் எதிர்த்தே வாக்களித்தேன் அத்தான். கை மேலே போனது உண்மை. ஆனால் அது செயலாளருடைய கை, சபை போகும் பக்கம் போகவேண்டியது அதன் கடமை.

நீக்கற் கடிதத்தை எழுதும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்தது. ஒரு மனிதரைப் பாராட்டாமல் அவருக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே முதற் பந்தி முழுவதும் அவருடைய அளப்பரிய சேவை, அயராத உழைப்பு, இளைஞர் மனங்களில் அவர் ஏற்றிய விளக்கு. இரண்டாம் பந்தியில்தான் அவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்ற செய்தி. ஒரு கதிரை ஒருநாளும் வெறுமையாகக் கிடக்கக்கூடாது என்பது அலுவலக ஒழுங்கு என்பதால், புதியவர் வரும்வரை அப்பொறுப்பைச் செயலாளரே வகிப்பார் என்று கடைசியில் ஒரு வசனம் சேர்த்தேன். திகதி மட்டும் போடவில்லை. கொடுக்கிற துணிவு யாருக்கு எப்போது வரும் என்று தெரியாதல்லவா? அந்தத் துணிவு ஒருவருக்கும் வரவில்லை. முத்தலிப் காக்காவிடம் நீட்டினேன். "எண்ட மகனுக்கு நீந்தப் பழக்கின மனுசன். என்னால ஏலாது செக்ரட்டரி, நீங்களே குடுங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும் கடற்கரை வீதி வாங்கில் அமர்ந்து எப்படிக் கொடுப்பது என்று யோசித்தபடி, கடிதத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடலை வாங்க எழும்பினேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் ஊர் வீதிகளில் திரியும் மான்களில் ஒன்று இருபத்தாறு கையெழுத்தையும் நிதானமாக மென்றுகொண்டிருந்தது. மறுபடி எழுதி, மறுபடி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். மாவட்டத்தில் இரண்டு தரம் நீக்கப்பட்ட கோச் வேறு யாரும் இருக்கமாட்டார்கள், அதுவும் அவருக்குத் தெரியாமலே.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. கச்சான் மணலை அள்ளி வீச, எங்கள் பெடியள் கண்ணை மூடிக்கொண்டு ஓடினார்கள். இடைவேளைக்குள் எங்களுக்கு எதிராக இரண்டுக்குப் பூச்சியம். முத்தலிப் காக்கா என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து, "இப்ப குடுக்காட்டி எப்ப குடுக்கிற? கழகம் கடலுக்குள்ள போன பிறகா?" என்று என்னைக் கயிற்றுக்கு உள்ளே தள்ளியே விட்டார். பெடியள் நிலத்தில் படுத்துக் கிடந்தார்கள். றுவைஸ் சேர் நடுவில் குந்தியிருந்தார். "சேர், பொதுச்சபையிட கடிதம்" என்று நீட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, "நல்லது ஐயா. என்ட கண்ணாடி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ள கிடக்கு, பிறகு வாசிப்பம்" என்றார். பிறகு தாளைத் திருப்பினார். அவருடைய வழக்கம் தங்களுக்குத் தெரிந்ததுதான். கையில் எந்தத் தாள் கிடைத்தாலும், பாண் சுற்றிய பேப்பரானாலும், அதன் வெற்றுப் பக்கத்தில் பதினொரு வட்டம் போட்டுவிடுவார். "அருமை, இந்தப் பக்கம் வெறுமையாக் கிடக்கு. பேனை இருக்கா ஐயா?" என்றார். கொடுத்தேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். காற்று நிற்கவில்லை அத்தான்! எட்டு ஆட்டத்தில் முதல் தரம் கச்சான் இடைவேளையைத் தாண்டி வீசியது. அவர் எங்கள் கோல் காப்பாளன் சஞ்சீவனின் வட்டத்திலிருந்து எதிரணிக் கோல் வரைக்கும் ஒரே நீளக் கோடு இழுத்தார். "பந்தை ஒருத்தரும் வெச்சிருக்க வேணாம். எல்லாத்தையும் சஞ்சீவனிட்டத் திருப்பி அடியுங்க. சஞ்சீவன், நீ வானத்துக்கு அடி. மிச்சத்தைக் காத்து பாக்கும்" என்று சொல்லித் தாளை அவனிடம் கொடுத்தார். அவன் அதை மடித்துச் சொக்ஸுக்குள் செருகிக்கொண்டான்.

முதல் உதை போன உயரத்துக்கு அது திரும்பி வருமா என்றே சந்தேகமாக இருந்தது. வந்தது. ஒருதரம் குத்தி எழும்பி, இறக்கக்கண்டிக் காப்பாளனின் தலைக்கு மேலால் போய் வலைக்குள் விழுந்தது. இரண்டாவதை அவன் இறங்குவெயிலில் கண் கூசி நழுவவிட, எங்கள் பெடியன் ஒருவன் வயிற்றாலேயே உள்ளே தள்ளினான். இரண்டுக்கு இரண்டு. முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் வழக்கம்போல ஒரு மான் மைதானத்துக்குள் நடந்து வந்தது. இறக்கக்கண்டிப் பெடியள் ஆட்டம் நிறுத்தப்படும் என்று நினைத்து நின்றுவிட்டார்கள். எங்கள் பெடியளுக்கு மான் என்ன புதிதா? ஒவ்வொரு நாளும் மானுக்கு நடுவில்தானே பயிற்சி! "விசில் கேக்குமட்டும் நிக்கப்படாது, மான் வந்தாலும் மந்திரி வந்தாலும் ஓடு" என்று றுவைஸ் சேர் நாலு மாதமாகக் கத்தியிருக்கிறார். மத்தியஸ்தர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பந்து வலைக்குள். மூன்றுக்கு இரண்டு! நான் அழுதேன் அத்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன். பக்கத்தில் நின்ற ஆரையோ கட்டிப்பிடித்து முத்தமும் கொடுத்துவிட்டேன், அது இறக்கக்கண்டிக் கழகத்தின் பொருளாளராம். முத்தலிப் காக்கா றுவைஸ் சேரைத் தோளில் தூக்கிக்கொண்டு, "இவர்தான் மௌத்தாகும் வரைக்கும் எங்கட கோச்! ஆராவது வாய் திறந்து பாருங்க!" என்று மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

இப்போது சொல்லுங்கள். அந்தத் தாளை அந்த நேரத்தில் கொண்டுபோனது யார்? பேனை யாருடையது? நான் மற்றவர்களைப்போல இரண்டு பக்கமும் எழுதுகிறவனாக இருந்தால் அவர் எங்கே கோடு இழுத்திருப்பார்? இதைத்தான் நான் காப்பாற்றியது என்று சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் முதல் வேலையாகச் சஞ்சீவனின் சொக்ஸுக்குள் கைவிட்டுத் தாளை மீட்டதும் நானேதான். பொதுச்சபை அன்றைக்கே ஏகமனதாக ஒரு தீர்மானம் எடுத்தது. அந்த வெற்றிப் படத்தைப் பிரேம் போட்டுக் கழக அறையில் மாட்டுவது, றுவைஸ் சேருக்கு மாலை போட்டு அவர் கையாலேயே திரை நீக்குவிப்பது. விழா இன்று மாலை ஐந்து மணிக்கு. தாளைப் பிரேம் கடை ஜெமீலிடம் கொடுத்து, "நல்ல பக்கம் வெளியில தெரியோணும், மற்றப் பக்கத்தை நல்லா ஒட்டிவிடும்" என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே அந்தப் பழைய கதை பசையோடு முடிந்தது. தாங்களும் 'நன்றிகெட்டவன்' என்ற சொல்லை எழுத்துமூலம் வாபஸ் பெறுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். 'கழுதை' தங்கள் விருப்பம்.

அக்காவுக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் ஆசியும். கோணேசப் பெருமான் தங்கள் வீட்டு வாசலுக்கும் எங்கள் கோல் கம்பத்துக்கும் ஒன்றாகக் காவல் நிற்பாராக.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மைத்துனன்,
பா. பாக்கியரத்தினம்
செயலாளர்

பி.கு. - வியாழன் காலை. தபாற்கந்தோருக்குப் போவதற்குள் இதையும் எழுதவேண்டியதாயிற்று. நேற்று விழா சிறப்பாகவே தொடங்கியது. றுவைஸ் சேர் மாலையோடு வந்து திரையை நீக்கினார். கழகத்தின் முத்திரை, தட்டெழுத்து, கீழே இருபத்தாறு கையெழுத்து எல்லாம் பளபளவென்று தெரிந்தன. ஜெமீலில் பிழை சொல்ல ஏலாது. முத்திரை உள்ள பக்கமும் பேனையால் கிறுக்கிய பக்கமும் இருந்தால் எந்தப் பிரேம் கடைக்காரனும் எதை நல்ல பக்கம் என்று நினைப்பான்? நேற்றென்று பார்த்துச் சேர் கண்ணாடியும் போட்டு வந்திருந்தார். சத்தமாக வாசித்தார். முதற் பந்திக்குச் சபை எழும்பி நின்று கை தட்டியது. இரண்டாம் பந்திக்கு ஒருவரும் தட்டவில்லை, முத்தலிப் காக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சேர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்ல தமிழ் ஐயா. திகதி மட்டும் விட்டுப்போச்சு, இண்டைய திகதியைப் போட்டுக்கொள்ளுங்க. கடைசி வசனம் எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு" என்று சொல்லி, தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். சபை அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. இம்முறை வினோதனும் கை உயர்த்தினான்.

அன்று நான் முத்தம் கொடுத்த பொருளாளர் வாசலிலேயே நின்றிருந்து சேரைத் தம் கழகத்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் இப்போது இறக்கக்கண்டிக் கோச். வருகிற சனிக்கிழமை கிண்ணப் போட்டியில் எங்களுக்கு எதிரணியும் அவர்களே. இன்று காலை முத்தலிப் காக்கா கடைக்குப் போய் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினாராம், அதில் இதுவரை பதினொரு கையெழுத்து விழுந்துவிட்டதாகக் கேள்வி. ஆகவே அத்தான், 'நன்றிகெட்டவன்' என்ற சொல்லை வாபஸ் பெறத் தேவையில்லை. ஆனால் றுவைஸ் சேர் தங்கள் பழைய நண்பர்தானே, சும்மா சுகம் விசாரிப்பதுபோல ஒரு தொலைபேசிக் கோல் எடுத்து, சனிக்கிழமை இடைவேளைக்குப் பிறகு காற்று நிற்குமா நிற்காதா என்று கேட்டுச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.