வந்தவரைப் படியிறக்கிய ரிமோட் பாய்

தாமிரபரணிக் கரையில் நான் பார்க்காத வியாபாரி கிடையாது. எடையில் கை வைத்தவன், பேச்சிலேயே மயக்கியவன், சிரித்துச் சிரித்தே மட்டச் சரக்கைத் தள்ளியவன் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. ஆனால் படியேறி வந்தவரிடம், "என் கடைச் சரக்கு ஒங்களுக்கு ஆகாது, பைய எறங்குங்க" என்று சொல்லியே கடை நடத்தும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஒருவரும் என் கடை மாடியில் இருக்கிறார்.

வியாபாரம் தெரிந்தவன் சொல்கிறான் என்பது வாசகர்களுக்கு விளங்க வேண்டும், அதனால் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. மூன்றாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போயிற்று. அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். இன்றைக்குத் தச்சநல்லூரில் மோட்டார் பம்பு என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட என் கடையைக் கை காட்டும். பாபநாசத்துக்குக் கீழே வயலில் தண்ணீர் இறைக்கிற பம்புகளில் பாதி நான் விற்றது. மீதிப் பாதி ரிப்பேரில் கிடக்கிறது. இரண்டு மாடிக் கட்டடம் சொந்தமாகக் கட்டி, கீழே நான், மேலே அவர்.

அவர் மேலப்பாளையத்துக்காரர். பல வருஷம் கல்ஃபில் டி.வி., கேம் பெட்டி விற்கிற கடையில் வேலை பார்த்தவர். "ஒடம்புக்கு ஒத்துக்கிடல அண்ணாச்சி" என்று ஊருக்கு வந்தார். வரும்போது கொண்டுவந்த ஒரு கேம் பெட்டியையும் கதவளவு டி.வி.யையும் என் மாடியில் வைத்து, மணிக்கணக்கில் ஆட விடுகிற கடை தொடங்கினார். சொந்தப் பெயர் ஒன்று உண்டு. நிக்காஹ் நடத்திவைத்த ஆலிமுக்கு அப்புறம் அதை யாரும் வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆடுகிறவர் கையில் பிடிக்கிற பொத்தான் கட்டையை ஊர் 'ரிமோட்டு' என்றது. "அது ரிமோட்டு இல்ல, கன்ட்ரோலர்" என்று அவர் ஒவ்வொருவராகத் திருத்தினார். திருத்தத் திருத்த ரிமோட் பாய் ஆகிப்போனார்.

ஒரு கடை என்றால், வந்தவனை உட்கார வைத்துக் காசை வாங்குவதுதானே முறை? அங்கே அது கிடையாது. முதலில் பரீட்சை. வருகிறவன் எப்படிப் படியேறுகிறான் என்று மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். தாவி ஏறுகிறவன் ஒரு ரகம், கைப்பிடியைத் தடவிக்கொண்டு ஏறுகிறவன் இன்னொரு ரகம். உட்கார வைத்துக் கேட்பார்: "புரோட்டாவ மொத பிச்சுப் போட்டு சால்னா ஊத்துவியளா, ஒவ்வொரு துண்டா முக்கித் திம்பியளா?" வந்தவன் முழிப்பான். ஊற்றித் தின்பவனுக்குச் சண்டை ஆட்டமாம். முக்கித் தின்பவனுக்குக் கதை ஆட்டமாம். இரண்டாவது சால்னா வரும்வரை கை வைக்காமல் இருப்பவனுக்குக் கால்பந்தாம். இதில் என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கல்லிடைக்குறிச்சிக் கல்யாணச் சமையல்காரர் ஒருவர் பம்பு வாங்க வந்தார். கரண்டியைக் கோபத்தில் வளைத்துவிடுகிற ஆள். மேலே சத்தம் கேட்டு ஏறிப்போனார். பாய் அவருக்குச் சண்டை ஆட்டத்தைக் கொடுத்தார். ஒரு மணி நேரம் மேலே 'அடி, மிதி, விடாத' என்று கட்டடம் அதிர்ந்தது. இறங்கி வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பாபநாசத்தில் முங்கிக் குளித்தவர் மாதிரி. பம்பு விலையில் ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை. அதன்பிறகு முகூர்த்தம் முடிந்த மறுநாளெல்லாம் வந்துவிடுகிறார்.

தையல் கடை நடத்துகிற அக்கா ஒருத்தி கதை ஆட்டம் ஆட வருவாள். ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினாள்.

"என்னம்மா, மேல எவனாவது ஏதும் சொன்னானா?" என்று எழுந்துவிட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. கூட வந்த நாயி ஆத்தோட போயிட்டு."

"எந்த நாயி? எந்த ஆத்துல?"

"பொட்டிக்குள்ள இருக்க ஆத்துல."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

இதெல்லாம் சரி, நானே ஒரு நாள் போய் ஆடிப் பார்த்தேன். கலெக்டர் கையால் பொன்னாடை வாங்கியவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்ற எண்ணம். கால்பந்து போட்டார்.

"இதுல நான் யாருவே?"

"தலைக்கு மேல முக்கோணம் சுத்துதுல்லா, அவன்தான் நீங்க."

பிடித்து ஓட்டினேன். திடீரென்று முக்கோணம் இன்னொருவன் தலைக்குப் போய்விட்டது.

"யோவ், அவன் போயிட்டான்வே!"

"போகல அண்ணாச்சி. பந்து யாருகிட்ட போவுதோ, அவன்தான் நீங்க."

பந்து வந்தவனெல்லாம் நான் என்றால், பந்து போன பிறகு நான் யார்? இதைக் கேட்டதும் பாய் என் கையிலிருந்து கட்டையை மெதுவாக வாங்கி வைத்துவிட்டார். "ஒங்களுக்கு இந்தப் பொட்டில ஒண்ணுமே சரிப்படாது அண்ணாச்சி. தப்பா நெனைக்காதீங்க." நான் தப்பாகத்தான் நினைத்தேன். மூன்று நாள் பேசவில்லை.

ஆனால் அவர் யாரிடமும் அப்படித்தான். தன் பெட்டியின் குறையைத் தானே சொல்லுவார். "கால்பந்துக்கும் சண்டைக்கும் இத மிஞ்ச ஒண்ணும் கெடையாது. கதைன்னா சாஞ்சு உக்காந்து ஆடலாம், சொகம். காரு நல்லாருக்கும், ஸ்டீயரிங்கும் இருந்தா இன்னும் நல்லாருக்கும். துப்பாக்கியால சுடுத ஆட்டம் பழகணும். ஆனா பட்டாளம் கட்டுத ஆட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம்." அந்தப் பட்டாள ஆட்டத்தில் போர்க்களத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டு, நூறு பேருக்கு ஒரே நேரத்தில் வேலை சொல்ல வேண்டுமாம். அதற்குக் கம்ப்யூட்டரும் மவுசும்தான் வேண்டுமாம். காலேஜ் பையன்கள் கூட்டமாக வந்து அதைக் கேட்டார்கள். எதிர்ச்சாரியில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்கு இவரே வழி காட்டி அனுப்பினார்.

"வந்த யாவாரத்த எதிர்க்கடைக்கு அனுப்புத ஆள இன்னைக்குத்தான்வே பாக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"பின்னே, ஆகாதத ஆகும்னு சொல்லச் சொல்லுதீங்களா?"

"சொல்லும்வே! நாங்கள்லாம் சொல்லலியா?"

என் படபடப்புக்குக் காரணம் இருந்தது. பாயின் மனைவிக்கு அண்ணன் ஒருவர் உண்டு. அரிசி மண்டிக்காரர், அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. இந்தக் கடை சோறு போடாது என்று முடிவுகட்டி, பாய்க்கு மறுபடியும் கல்ஃப் விசா ஏற்பாடு செய்துவிட்டார். ஒருநாள் நேரில் வந்து கடையைப் பார்ப்பதாகவும், ஓடாது என்று தெரிந்தால் பெருநாள் கழிந்ததும் விமானம் ஏறிவிட வேண்டும் என்றும் பேச்சு.

இந்தப் பேச்சு வந்த அன்றைக்குத்தான் பாய் முகம் வாடி நான் பார்த்தேன். "நான் வந்து எறங்குனப்ப எம்புள்ள என்னையப் பாத்து, 'வந்திருக்க விருந்தாளி யாரும்மா'ன்னு கேட்டா அண்ணாச்சி. இப்பத்தான் வாப்பான்னு கூப்புடப் பழகியிருக்கா. திரும்பப் போனா..."

எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. மண்டிக்காரர் வருகிற நாளில் என் கடை ஆட்கள், பக்கத்து டீக்கடைக்காரர், லோடு ஏற்ற வந்தவர்கள் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் "போய் ஆடுங்கலே, செலவு என்னுது" என்று மாடிக்கு ஏற்றிவிட்டேன். கடை நிரம்பி வழிய வேண்டும், அதுதான் திட்டம். இப்படி ஒரு திட்டம் படித்தவனுக்கு வருமா?

மண்டிக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, சிரிக்காத முகம். நான் மரியாதையாக மாடிக்கு அழைத்துப் போகிறேன். எதிரே என் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி வருகிறார்கள்!

"ஏலே, எங்கன போறிய?" என்று பல்லைக் கடித்தேன்.

"ஒங்களுக்கு ஆடுத ஆச இல்ல, அண்ணாச்சி அனுப்பி வந்திருக்கிய, எறங்குங்கன்னுட்டாரு."

"கடை காலியாயிட்டிருக்கு போல" என்றார் மண்டிக்காரர்.

மேலே பாய் மட்டும் இருந்தார். மண்டிக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "மாப்ளே, பட்டாளம் கட்டுத ஆட்டம் இருக்கா? போன்ல அப்பப்ப ஆடுவேன். மண்டியில சும்மா இருக்கும்போது."

நான் பாய்க்குக் கண்ணைக் காட்டினேன். கையைக் காட்டினேன். காலை மிதித்தேன்.

"இருக்கு மச்சான். ஆனா இந்தப் பொட்டில ஆடாதீங்க, நல்லாருக்காது."

"போடும்வே."

போட்டார். மண்டிக்காரர் ஊர் ஒன்று கட்டினார், நெல் விதைத்தார், களஞ்சியம் எழுப்பினார். பகைவன் வந்தான். அம்புக்குறி திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்வதற்குள் களஞ்சியத்தில் தீ வைத்துவிட்டான்.

"யா அல்லா, நெல்லெல்லாம் போச்சேவே!" என்று அவர் எழுந்து நின்றுவிட்டார். கூடவே நானும் எழுந்துவிட்டேன்.

"அதான் சொன்னேன் மச்சான்" என்றார் பாய், கொஞ்சம்கூட நேரம் காலம் தெரியாமல். பிறகு அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு வேறொன்று போட்டார். லாரியில் சரக்கு ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆட்டம்.

மண்டிக்காரர் கியர் மாற்றினார், எதிரே வண்டி வந்தால் விளக்கைத் தாழ்த்தினார், வளைவில் சரக்கு சாயுமோ என்று தானும் சாய்ந்தார். பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

"நிப்பாட்டிட்டுப் போயிட்டு வாங்க மச்சான், பொத்தான அமுக்குனா அப்படியே நிக்கும்."

"நடுரோட்டுலயா? அடுத்தவன் சரக்குவே இது!" லாரியை ஓரம்கட்ட இடம் தேடி, ஒரு பெட்ரோல் பங்கில் ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான் எழுந்தார்.

தொழுதுவிட்டு வந்து நேரே பாய் எதிரில் உட்கார்ந்தார். "மாப்ளே, அங்கன எதுக்கு வேலைய விட்டீரு? ஒடம்புன்னு சொல்லாதேயும். கல்லு மாதிரி இருக்கீரு."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "பொட்டி வாங்க வந்தவருகிட்ட, ஒங்க ஆட்டத்துக்கு இது ஆகாது, வாங்காதீங்கன்னேன். மொதலாளி பின்னால நின்னுட்டிருந்தாரு."

"ஒருத்தருகிட்டயா?"

"வாரவங்ககிட்டயெல்லாம்."

"இப்ப அனுப்புனாலும்?"

"அதேதான் சொல்லுவேன் மச்சான்."

முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மண்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இவர அனுப்பி நான் என்ன செய்ய? போன மறுநாளே அங்க உள்ள மொதலாளி பார்சல் பண்ணித் திருப்பி அனுப்பிருவான். இங்கன கெடக்கட்டும். இந்தக் கடையிலன்னா மொதலாளியும் இவருதான், வெரட்ட ஆளு கெடையாது." எழுந்தவர் நின்று, "மாப்ளே, அந்த லாரிய எவனையும் எடுக்க விடாதேயும், நாளைக்கு வாரேன்" என்றார்.

விசா அப்படியே போயிற்று. கடை இப்போது நன்றாக ஓடுகிறது. எதிர்க் கம்ப்யூட்டர் கடைக்காரர் கால்பந்து கேட்டு வருகிறவர்களையெல்லாம் இங்கே அனுப்புகிறார். விரட்டினால் வியாபாரம் வளருமா? எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன், எனக்குப் புரியவில்லை. ஒரு விவசாயியிடம் "இந்தப் பம்பு ஒங்க கெணத்துக்கு ஆகாது" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனவர்தான், வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா தொழுகைக்காக மாடியைப் பூட்டிவிட்டு மேலப்பாளையத்துக்குப் போய்விடுவார். கூச்சல் இல்லை, தலைக்கு மேல் காலடிச் சத்தம் இல்லை, கணக்குப் பார்க்க நல்ல அமைதி. ஆனாலும் எனக்கு உள்ளே இருப்புக் கொள்வதில்லை. நாற்காலியை வெளியே இழுத்துப்போட்டு, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அவர் வண்டி திரும்புவது தெரிந்ததும், நாற்காலியை எடுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல உள்ளே போய்விடுவேன்.