சம்பந்தியும் நேர்ப்பெருக்கமும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நான் நலம். தங்கள் மூத்த மகன் வீட்டில் தாங்களும் நலமாகவே இருப்பீர்கள். அங்கே குளியலறை இரண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். தனி அறை பார்த்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை போகிறேன். காரணம் தங்கள் மருமகள். என் மகள்தான், ஆனால் இந்த விஷயத்தில் தங்கள் மருமகள். கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள் அதை அங்கேயே வைத்துவிட்டு வரக்கூடாதா? கணக்கில் 'குலம்' என்று ஒன்று உண்டாம்; தனக்கென்று ஓர் ஒழுங்கோடு தனக்குள்ளேயே சுழல்கிற கூட்டமாம். நம் இருவரையும் ஒரே வீட்டில் குடிவைத்த அன்று, "ரெண்டு குலத்தைச் சேர்க்க லேசான வழி நேர்ப்பெருக்கம்ப்பா. மாமா வேலை மாமாவுக்கு, உங்க வேலை உங்களுக்கு. யாரு முன்னாடி செஞ்சாலும் முடிவு ஒண்ணுதான்" என்றாள். நானும் நம்பித் தொலைத்தேன். நீங்கள் குளித்தபின் நான் துவைத்தால் துணி வெளுக்கிறது. நான் துவைத்தபின் நீங்கள் குளித்தால் தொட்டி காலி, தலையில் சோப்போடு நின்று அலறுகிறீர்கள். முடிவு ஒன்றா?

அதைச் சொன்னால், "அப்ப இது அரை நேர்ப்பெருக்கம். மாமா அசைஞ்சா உங்க சாமானெல்லாம் இடம் மாறும், நீங்க அசைஞ்சா மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறாள். உண்மைதான். நீங்கள் செய்தித்தாள் தேடினால் என் மூக்குக்கண்ணாடி அலமாரிக்கும் மாத்திரை டப்பா சன்னலுக்கும் போய்விடுகின்றன. நான் வீட்டையே புரட்டினாலும் உங்கள் சீப்பு நகருவதில்லை. ரேடியோ சண்டையன்று நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, மாப்பிள்ளை காதில் பஞ்சு வைத்துக்கொள்ள, அவள் மட்டும் சிரித்துக்கொண்டே, "இது கட்டற்ற பெருக்கம். அங்கேருந்து ஒரு சொல், இங்கேருந்து ஒரு சொல், முடிவே கிடையாது. ரெண்டு பேருக்கும் பொதுவானது ஒண்ணே ஒண்ணு, சும்மா இருக்கறது" என்றாள். அதுதானே நமக்கு வரமாட்டேன் என்கிறது, சம்பந்தி!

ஆகவே யார் தடுத்தாலும் நிற்கமாட்டேன். அங்குள்ள பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். நான் உங்களைவிட மூன்று மாதம் இளையவன் என்று தினமும் இடித்துக் காட்டுகிறீர்கள்; ஆகவே உங்களுக்கு வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: பெட்டி கட்ட உட்கார்ந்தேன். மூன்று வருடத்தில் எது என்னுடையது, எது உங்களுடையது என்று பிரிக்க முடியவில்லை. போர்வை யாருடையது? சவரக் கிண்ணம்? இப்போது போட்டிருக்கும் சட்டைகூட உங்களுடையதுதான் போலிருக்கிறது, கை நீளம். நீங்கள் அங்கே போன இந்த நான்கு நாளாக வீட்டில் என்னை மறுத்துப் பேச ஆளில்லை, எனக்குப் பிடிக்கவேயில்லை. சனிக்கிழமைக்குள் வந்து, நான் போகக்கூடாது என்று ஒரு சண்டை போடுங்கள்.