கண்ணாடிக் கூட்டுக்குள் குதிரை பலம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமை முகத்துக்குத் தக்கபடி வளைத்து மாட்டிவிடுகிற ஃபிட்டருக்கு மனைவி மேல் சந்தேகம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக, "சிரிக்காதீங்க, பயமா இருக்கு" என்று சொல்லி வந்தவள், ஒரு நாள் காலையில் வாசலை மறித்து நின்றுகொண்டு, "என்னங்க, கொஞ்சம் சிரிங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் வாயின் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

"நீ என்ன போலீஸா?"

"தூக்குங்கன்னா. நான் பத்து எண்ணற வரைக்கும் அப்படியே நில்லுங்க. இப்ப, 'நேரத்தோட வீட்டுக்கு வந்துடறேன்'னு சொல்லுங்க."

சொன்னார். வழி விட்டாள். மறுநாளும் இதே. ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லை.

வேறொருவராக இருந்தால் பாசம் என்று பூரித்திருப்பார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? ஃபிட்டரின் கனம் வீட்டு அலமாரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது.

விஷயம் இதுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அவருக்குத் தூக்கம் வரும். ஒரு நாள் வாடிக்கையாளர் காதில் ஃபிரேமை மாட்டிக்கொண்டே, அவர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுவிட்டார். "இன்னொரு தடவை தூங்கினா, இனிமே வீட்டிலேயே தூங்கிக்க" என்றார் முதலாளி. அன்றே ஃபிட்டர் சபதம் எடுத்தார்: பகலில் இமை மூடுவதில்லை! சபதத்துக்குத் துணையாக, கடையில் லென்ஸ் தேய்க்கிற அண்ணன் ஒரு கை நிறைய வெள்ளை மாத்திரை கொடுத்தார்.

"டாக்டர் சீட்டு வேண்டாமாண்ணே?"

"முழிச்சிருக்கறதுக்கு எவன்டா தம்பி சீட்டு கேட்பான்? நான் தினம் நாலு போடறேன். குதிரை மாதிரி இல்ல?"

மூன்று நாள் ஃபிட்டரின் நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது. இரவிலும் தூக்கம் போயிற்று. நாலாம் நாள் படபடப்பு அடங்கியது. உடம்பு பழகிவிட்டது என்று மகிழ்ந்துபோனார். பலத்துக்கு மட்டும் குறைவில்லை. சமையலறைச் சுவரைத் தேய்த்துக் கழுவினார். பீரோவைத் தனியாளாகத் தள்ளினார். "என்னங்க இவ்வளவு சுறுசுறுப்பு?" என்று மனைவி கேட்டால், "பிறவியிலேயே அப்படித்தான்" என்பார்.

இந்த நேரத்தில்தான் காலைச் சோதனையும் தொடங்கியது.

"அண்ணே, அவளுக்குத் தெரிஞ்சு போச்சோ?"

"பின்னே? கையைத் தூக்கச் சொல்றது சட்டைப் பையைப் பார்க்க. சிரிக்கச் சொல்றது பல்லுல மாத்திரை ஒட்டியிருக்கான்னு பார்க்க. ஜாக்கிரதை தம்பி!"

மூன்றாவது வாரம் ஒரு முற்பகலில், அந்த அண்ணனே திடீரென்று, "கண்ணு மங்குதுடா" என்றார். கண்ணாடிக் கடையில் கண் மங்கினால் என்ன செய்வார்கள்? முதலாளி வேறு பவர் எடுத்துக் கொடுத்தார். ஃபிட்டர் மாட்டிவிட்டார். ஃபிரேம் கோணலாகத் தெரிந்தது. கழற்றி வளைத்தார். மறுபடியும் கோணல். சமமான மேஜைப் பலகை மேல் வைத்துப் பார்த்தார். ஃபிரேம் நேராகத்தான் இருந்தது. கோணியிருந்தது முகம்.

"அண்ணே, சிரிங்க."

பாதி வாய்தான் சிரித்தது.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

இடது கை தானாகக் கீழே இறங்கியது.

"'நேரத்தோட வீட்டுக்கு வந்துடறேன்'னு சொல்லுங்க."

வார்த்தை குழறியது. என்ன வியாதி என்று ஃபிட்டருக்குத் தெரியாது. தான் தினமும் பாஸாகிற பரீட்சையில் அண்ணன் ஃபெயில் என்பது மட்டும் தெரிந்தது. "ஒரு சோடா குடிச்சுட்டுப் படுத்தா சரியாயிடும்" என்றார் முதலாளி. ஃபிட்டர் மனைவிக்கு ஃபோன் போட்டார். அவள் கை கால் பயிற்சி கொடுக்கிற கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருப்பவள்.

"ஐயோ, அது பக்கவாதங்க! சோடா, தண்ணி எதுவும் கொடுக்காதீங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சுக்கங்க. ஃபோனை வச்சுட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

அண்ணன் பிழைத்தார். "நல்லவேளை, சீக்கிரம் கொண்டுவந்தீங்க" என்றார் டாக்டர். "இவர் பையில இருந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைக் கன்னாபின்னான்னு ஏத்திவிட்டிருக்கு. கடையில வேற யாராவது போடறீங்களா?"

ஃபிட்டர் மேலே சுற்றுகிற மின்விசிறியை ஆராய்ந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு, ஓவென்று அழுதார். "என்னை மன்னிச்சிடு. மூணு வாரமா விஷத்தைத் தின்னுட்டிருந்தேன்."

"மூணு நாள்தான்" என்றாள் மனைவி.

"என்னது?"

"கண்ணாடியே போடாத ஆளுக்குக் கண்ணாடிக் கூடு எதுக்குன்னு அப்பவே திறந்து பார்த்துட்டேன். அந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுட்டு, அதே அளவுல பெப்பர்மிண்ட் வச்சேன். நீங்கதான் மெல்லாம கொள்ளாம முழுங்குவீங்களே. வெளியில வேற வாங்கிப் போடறீங்களோன்னு பயம். அதான் தினம் சிரிக்கச் சொன்னேன்." அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "எங்க கிளினிக் பெஞ்சுல உட்கார்ந்திருக்கறவங்கள்ல பாதிப் பேர், கொஞ்சம் படுத்தா சரியாயிடும்னு இருந்தவங்கதாங்க. உங்களை அந்த பெஞ்சுல பார்க்க என்னால முடியாது."

ஃபிட்டருக்கு, இவளையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. பிறகு இன்னொரு சந்தேகம் வந்தது.

"அப்ப, சுவர் கழுவினது? பீரோ தள்ளினது?"

"பெப்பர்மிண்ட்."

"அடிப்பாவி! அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

அவள் குப்பைக் கூடையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். பரண் இன்னும் பாக்கி இருந்துச்சு."