தத்ரூபமான சதுப்பு நிலம்

உலகத்திலேயே மிகச் சிறந்த சதுப்பு நிலத்தை உருவாக்கிக் காட்டுவது என்று ஒரு புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிவெடுத்தேன். சாப்பாட்டு மேஜை மேல்தான். பென்சிலால்தான். ஆனாலும் முடிவு முடிவுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரு கற்பனை விளையாட்டு விளையாடுகிறோம். மூன்று பேர் ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி. மாடி வீட்டுப் பல் டாக்டர் அம்மா கோடாலி வீராங்கனை. என் மனைவியின் தம்பி, அதாவது என் மைத்துனன், திருடன். அதற்கு அவன் பெரிதாக நடிக்க வேண்டியதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். நாலாவது ஆள் நான். நான் ஆட்ட நடத்துநர். காடு, மலை, பூதம், மழை எல்லாம் நான் வைத்ததுதான். அவர்கள் "இடது பக்கம் போறேன்" என்றால் இடது பக்கம் என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டிப் பார்ப்போம்.

நடத்துநர் என்ற இந்தப் பெரும் பதவியை என் மனைவி 'கண்டக்டர்' என்று ஆக்கிவிட்டாள். "கண்டக்டர் சார், கடைசி ஸ்டாப் வந்துருச்சா? டேபிளைத் துடைக்கணும்" என்பாள்.

சொல்லிவிட்டுப் போகட்டும். வாரம் முழுக்க நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவன். "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பேன். வந்தவர் சொல்வதுதான் முடிவு. வீட்டுக்கு வந்தால் மனைவி சொல்வதுதான் முடிவு. அந்த ஒரு நாற்காலியில் உட்காரும்போது மட்டும்தான் நான் சொன்னால் மழை பெய்யும், நான் சொன்னால் நிற்கும். அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

ஆனால் அதற்கு ஆபத்து வந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நான் வரைந்த மலைக்கணவாய்ப் படத்தை மருந்துக்கடைக்காரர் உற்றுப் பார்த்தார். நான் அளவெடுத்துக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்.

"சார், இந்த ஆறு எங்க போகுது?"

"கோட்டைக்கு."

"கோட்டை மலை உச்சியில இருக்கு."

"ஆமா."

"அப்ப ஆறு மலை ஏறுதா?"

"அது மந்திர ஆறு."

"எல்லாம் மந்திரத்துலயே நடந்துட்டா, நான் எதுக்கு இங்க மந்திரவாதின்னு உட்கார்ந்திருக்கேன்?"

மைத்துனன் உடனே உள்ளே புகுந்தான். "அத்தான் பாவம், களைச்சுப் போயிட்டாரு. இனிமே நான் நடத்தறேனே."

பல் டாக்டர் அம்மா தீர்ப்பு சொன்னார். "இன்னொரு வாய்ப்பு கொடுப்போம். அடுத்தது சதுப்பு நிலம். தத்ரூபமா இருக்கணும். தண்ணி தண்ணி மாதிரி நடந்துக்கணும். சரியா வரலைன்னா நாற்காலிக்கு வோட்டு." பல்லைப் பிடுங்கப் போவதாகச் சொல்கிற அதே இதமான குரலில் சொன்னார்.

சதுப்பு நிலத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? குளித்துவிட்டு வந்த பிறகு எங்கள் பாத்ரூம் தரை எப்படி இருக்கும் என்று தெரியும். அவ்வளவுதான். ஆனால் தண்ணீரைப் பற்றி அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒரு ஆள் என் வீட்டிலேயே இருந்தாள். என் மனைவி ஊர் வடிகால் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். எங்கே தண்ணீர் தேங்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் நிற்பாள். சுற்றிப் பார்ப்பாள். ஒரு இடத்தைக் காட்டி "இங்க வெட்டுங்க" என்பாள். வெட்டுவார்கள். தண்ணீர் சத்தம் போடாமல் போய்விடும்.

அவளையே கேட்டுவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் "நானும் ஆட வரட்டுமா?" என்று அவள் கேட்டாள். "இதுக்கெல்லாம் கற்பனை வேணும்மா. உனக்கு ஆபீஸ்ல பார்க்கற சாக்கடையே போதும்" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. அவள் பதில் பேசவில்லை. அவள் பேசினால் எனக்குப் பயம். பேசாவிட்டால் இன்னும் பயம். அப்படிச் சொன்ன வாயால் இப்போது போய் உதவி கேட்க முடியுமா? ஆகவே அவளுக்கே தெரியாமல் அவள் வாயைப் பிடுங்குவது என்று தீர்மானித்தேன்.

அன்று மாலை அவள் வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வேலை எப்படி இருந்துச்சு?" என்றேன்.

ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன கேட்டீங்க?"

"வேலை. எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

"உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன், கட்டின மனைவியோட வேலையைப் பத்தி ஒரு மனுஷன் கேட்கக் கூடாதா?"

"பதினஞ்சு வருஷமாக் கேட்கலையே. பழகல."

"இப்ப கேட்கறேன். எங்க தண்ணி தேங்குச்சு?"

"பழைய சந்தைக்குப் பின்னாடி."

"ஏன் தேங்குது? மனசுல இருக்கறதைச் சொல்லு."

"மனசுல ஒண்ணும் இல்ல. அடியில களிமண்ணு இருக்கு. தண்ணி உள்ள இறங்காது."

நான் பாத்ரூமுக்கு ஓடினேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு எண் எழுதித் தருகிற சீட்டில் 'களிமண்' என்று எழுதினேன். வியாழக்கிழமை நாணலைப் பற்றிக் கேட்டேன். எழுதினேன். பட்டுப்போன மரம் தண்ணீரில் எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்டேன். எழுதினேன். அவளும் சலிக்காமல் சொன்னாள். முகத்தில் ஒரு வெளிச்சம்கூட இருந்தது. புருஷன் திருந்திவிட்டான் என்று நினைக்கிறாள் பாவம் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முக்கியமான கேள்விக்கு வந்தேன்.

"வருஷம் பூரா ஒரு இடம் சேறாவே இருக்கணும்னா எப்படி இருக்கணும்? சும்மா, ஒரு பேச்சுக்கு."

"ஒரு பேச்சுக்கா?"

"ஒரு பேச்சுக்குத்தான்."

"உள்ள வர்ற தண்ணி மெதுவா வரணும். வெளிய போறது அதைவிட மெதுவாப் போகணும். போக வழியே இல்லைன்னா அது ஏரி ஆயிடும். முழுசாப் போயிட்டா காஞ்சிடும். ஓரத்துல எங்கயாவது ஒரு மண்மேடு மறிச்சிட்டு நிக்கணும்."

"எவ்வளவு உயரம்?"

"இடுப்பளவு போதும்."

"மேட்டுக்கு அந்தப் பக்கம்?"

கொஞ்சம் யோசித்தாள். "பள்ளம் வைங்க. நல்ல சரிவா வைங்க. அப்பதான் இயற்கையா இருக்கும்."

நான் பாத்ரூமுக்கு ஓடினேன். 'வைங்க' என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் விழவில்லை. ஒரு பேச்சுக்குக் கேட்கிற ஆளிடம் யாராவது 'வைங்க' என்பார்களா? 'இருக்கும்' என்றுதானே சொல்வார்கள்? ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவனுக்கு இது தெரியவில்லை.

சனிக்கிழமை பூராவும் வரைந்தேன். கடையில் கழித்துப்போட்ட கண் சோதனை அட்டைகள் நாலை ஒட்டி, பின்பக்கத்தில் போட்டேன். வடக்கே இரண்டு ஓடைகள். நடுவில் கறுப்புத் தண்ணீர், நாணல், பட்ட மரங்கள். ரத்தம் குடிக்கும் அட்டைகளின் ராணிக்கு ஒரு குகை. புதைகுழிகள் பதினொன்று. வடக்கு மூலையில் சேற்றுப் பூதம். 'புதைகுழியைத் தாண்டிப் பூதம் தெற்கே வர இரண்டு மணி நேரம்' என்று ஓரத்தில் குறிப்புக்கூட எழுதினேன். தெற்கே இடுப்பளவு மண்மேடு. அதற்கு அப்பால் பள்ளம், நல்ல சரிவாக.

"என்ன அது?" என்று கேட்டுக்கொண்டே மனைவி கடந்து போனாள்.

"படம்."

"நல்லாத்தான் படம் காட்டறீங்க."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். படத்தை விரித்தேன். மருந்துக்கடைக்காரர் ஓடையின் மேல் விரல் வைத்து, தண்ணீர் போகிற வழியெல்லாம் போய், மேட்டில் வந்து நின்றார். ஒரு குறை சொல்ல முடியவில்லை. டாக்டர் அம்மா மட்டும் சேற்றுக்குள் தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளை ரகசியச் செய்தி என்று நினைத்து இருபது நிமிஷம் படித்துப் பார்த்தார். அது அட்டையின் முன்பக்கத்து எழுத்து என்று நான் சொல்லவில்லை.

"தத்ரூபம்" என்றார் மருந்துக்கடைக்காரர். மைத்துனன் முகம் தொங்கிவிட்டது. இதைக் கடக்க ஆறு ஞாயிற்றுக்கிழமையாவது ஆகும் என்று நான் அறிவித்தேன். ஆறு வாரத்துக்கு நாற்காலி அசையாது.

அப்போது மனைவி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நானும் ஒரு ஆட்டம் ஆடறேனே."

ஜெயித்த மிதப்பில் இருந்தேன். தாராளமாக இருக்கலாம் என்று தோன்றியது. "வா வா. யாரா வர்றே? இளவரசியா?"

"வாய்க்கால் வெட்டறவளா."

"ஆயுதம்?"

"மண்வெட்டி."

"மந்திரம் ஏதாவது?"

"தெரியாது. எனக்குத்தான் கற்பனை பத்தாதே."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். டாக்டர் அம்மாவும் சிரித்தார். மைத்துனன் சிரிக்கவில்லை. அவன் அவளோடு வளர்ந்தவன்.

மந்திரவாதி ஒரு புதைகுழியில் விழுந்தார். வீராங்கனை அட்டைக்கடி பட்டார். அவள் முறை வந்தது.

"நான் தெற்குப் பக்கம் போறேன்."

"அங்க ஒண்ணுமே இல்லையே. வெறும் மேடு."

"எவ்வளவு உயரம்?"

"இடுப்பளவு."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"பள்ளம். நல்ல ச..." என்று நிறுத்தினேன்.

"சரிவு" என்று முடித்துக் கொடுத்தாள். "சரி. மேட்டுல ரெண்டு முழம் அகலத்துக்கு வெட்டறேன்."

மருந்துக்கடைக்காரர் படத்தின் மேல் குனிந்தார்.

"பூதம் வந்து தடுக்கும்" என்றேன்.

"வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும்னு ஓரத்துல எழுதியிருக்கே. உங்க கையெழுத்துதான்."

"இது ஒரு மாதிரி... மந்திர மேடு."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பகடையில பதினெட்டுக்கு மேல விழுந்தாத்தான் வெட்ட முடியும்" என்று கடைசிக் கயிற்றைப் பிடித்தேன். அவள் உருட்டினாள். மூன்று விழுந்தது. எனக்கு உயிர் வந்தது.

"சரி, இன்னொரு வெட்டு" என்றாள்.

"அதெப்படி?"

"ஒரே வெட்டுல எந்த மேடு உடையும்? ரெண்டு மணி நேரம் இருக்கே. வெட்டிக்கிட்டே இருப்பேன். எங்க வேலையே அதுதான்."

"நியாயம்தான்" என்றார் டாக்டர் அம்மா. எட்டாவது தடவை பத்தொன்பது விழுந்தது.

தண்ணீர் தண்ணீர் மாதிரி நடந்துகொண்டது. மேடு உடைந்து, சதுப்பு முழுக்கப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அட்டை ராணி காய்ந்து சுருண்டாள். சேற்றுப் பூதம் பாதி வழியில் பாளம் பாளமாக வெடித்து நின்றது. வீராங்கனை கால் நனையாமல் நடந்து போனார். ஆறு வாரத்து ஆட்டம், ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்தது.

"நீ வேணும்னே பண்ணியிருக்கே" என்றேன்.

"நான் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். நீங்கதான் வச்சீங்க." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "புதன்கிழமை நீங்க கேட்டப்ப நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சுங்க. பத்து நிமிஷம். அப்புறம் பாத்ரூம் கதவுகிட்ட வந்தேன். உள்ள பேனா கிறுக்கற சத்தம் கேட்டுச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமான வெட்கம். ஆனாலும் நாற்காலி ஆசை விடவில்லை.

"படத்துல தப்பு ஒண்ணும் இல்லையே" என்று மருந்துக்கடைக்காரரிடம் முறையிட்டேன்.

"தப்பே இல்ல சார். அதனாலதான் இது யார் போட்ட படம்னு கேட்கத் தோணுது."

வோட்டு எடுத்தார்கள். டாக்டர் அம்மா அவளுக்குக் கை தூக்கினார். மருந்துக்கடைக்காரர் தூக்கினார். மைத்துனன், "எனக்கும் ஆசைதான் அத்தான். ஆனா அக்காவோட நான் மோதறதில்ல" என்று தூக்கினான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் தூக்கினேன்.

எழுந்து இடம் விட்டேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பென்சிலை எடுத்தாள். அடுத்த வாரத்துக்கு ஒரு பாலைவனம் தயாராகத் தொடங்கியது. தோற்றவன் பெருந்தன்மையோடு இருக்க வேண்டும் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"சரி. இத்தனை நாள் நடத்தினவன், இனிமே உங்களோட சேர்ந்து ஆடறேன். வீரனோ, கிழவனோ, எதுவா இருந்தாலும் மனசாற ஏத்துக்கறேன். எனக்கு என்ன பாத்திரம்?"

படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "சிங்க்ல கிடக்கு."