வசனம் கேட்ட மெக்கானிக்

லிங்கராஜபுரத்தில் கடவுளே நேரில் வந்து கதவைத் தட்டினாலும், "நீங்க இப்படி வர்றதுக்கு வசனம் எங்க?" என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் எதிர்வீட்டு அங்கிள்தான். வாஷிங் மெஷின் ரிப்பேர் அவர் தொழில். லுத்தரன் சபை அவர் உயிர். வேதத்தில் வசனமாக எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அவருடைய பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'வசனம் அங்கிள்'.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரை மாதா படத்தை நோக்கி நீட்டுவார்.

"நர்ஸம்மா, மெழுகுவத்தி ஏத்தறதுக்கு வசனம் எங்க?"

ரிட்டயர்டு நர்ஸான என் அம்மா அசர மாட்டார். "என் மெஷின நாலு நாளா பிரிச்சுப் போட்டிருக்கியே, அதுக்கு வசனம் எங்கப்பா?"

தவக்கால வெள்ளியில் கறி கூடாது, மீன் மட்டும் கூடுமா என்றும் வசனம் கேட்பார். கேட்டுக்கொண்டே எங்கள் மீன் குழம்பில் இரண்டாம் முறை சோறு பிசைவார். சொந்தச் சபையையும் விட்டுவைக்கவில்லை. பிரசங்கத்தின் நடுவே எழுந்து போதகரிடமே ஆதாரம் கேட்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஸ்டெல்லா ஒரு பெந்தெகொஸ்தே பையனை விரும்பினாள். பையன் தங்கமானவன். ஆனால் அவர்கள் பாஸ்டர், குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, ஸ்டெல்லா தண்ணீரில் முழுகி மறுபடி எடுத்தால்தான் கல்யாணம் என்றுவிட்டார். "ஒரு தரம்தான், மறுதரம் கெடையாது" என்றார் அங்கிள். ஸ்டெல்லா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

பேச்சுவார்த்தை எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. இரண்டு கட்சிக்குமே ஆகாத வீடு என்பதால் அதுதான் பொது இடம். பாஸ்டர் எடுத்த எடுப்பில் அங்கிளின் ஆயுதத்தையே பிடுங்கிக்கொண்டார்.

"அண்ணே, கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கலாம்னு வசனம் எங்க?"

வேதத்தில் வீட்டோடு ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களை அங்கிள் வரிசையாக ஒப்பித்தார். "அந்த வீட்டுல கைக்குழந்த இருந்துச்சுன்னு எழுதிருக்கா?" என்றார் பாஸ்டர். இரண்டு மணி நேரம், மூன்று ரவுண்டு காபி. கடைசியில் அங்கிள் பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாஸ்டர், இவ பொறந்த ரெண்டாம் நாள் மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. எங்க போதகர் வர்றதுக்குள்ள போயிடுவான்னு பயம். சாகக் கெடக்கற குழந்தைக்கு யாரும் குடுக்கலாம்னு, டியூட்டில இருந்த நர்ஸம்மாதான் ஞானஸ்நானம் குடுத்தாங்க. அந்தத் தண்ணி செல்லாதுன்னா, அன்னிக்கு என் பொண்ண நான் யாரு கையில குடுத்தேன்?"

எங்களுக்கே இது புதுச் செய்தி. எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

"வார்டு குழாயில தண்ணி வரல," என்றார் அம்மா. "நான் குடிக்கிற பாட்டில்ல கொஞ்சம் இருந்துச்சு."

பாஸ்டர் ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டு அங்கிள் பக்கம் திரும்பினார். "அது செல்லாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலண்ணே. பொண்ணு அப்படியே வரட்டும்."

லுத்தரன் சபையில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் நிறுத்தியபோதெல்லாம், சபை மொத்தமும் பழக்கதோஷத்தில் பெண்ணின் அப்பா பக்கம் திரும்பியது. அவர் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு, ஓலை கேட்க வந்திருந்த என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கர்ச்சீப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் எங்கள் வீட்டு மனிதர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.